சக்கரம் பூட்டாத கட்டில்

மூத்தவளை உறவில் யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. ‘முத்திரை’ என்றால்தான் எல்லோருக்கும் விளங்கும். பள்ளி நாட்களில் தங்கையின் வீட்டுப்பாடத்தைத் திருத்தி, தீப்பெட்டியின் முனையை மையில் தோய்த்து ஓரத்தில் ஒரு கட்டம் பதித்துவிடுவாளாம். அப்படி வந்த பட்டம் அது. வளர்ந்த பிறகு பிழைப்பும் அதுவே ஆயிற்று. செவிலியர் உதவியாளர்களுக்குப் பயிற்சி தரும் கல்லூரி ஒன்றில் தரப் பிரிவின் பொறுப்பாளராக இருந்தே அவளுக்குத் தலை நரைத்தது. மருந்துப் புட்டியில் காலாவதித் தேதியைப் படிக்காமல் மூடியைத் திறக்க மாட்டாள். “நம்ம வீட்டுக்கு ஆய்வுக்குழு எப்ப வருதுன்னு சொல்லிடு, நான் சவரமாவது பண்ணிக்கிறேன்” என்பார் அவள் கணவர்.

இளையவளும் அதே கல்லூரியில்தான் வேலை பார்த்தாள். மாலை வகுப்புக்கு ஒப்பந்த ஆசிரியை. படுத்த படுக்கையாக இருப்பவரை வலிக்காமல் புரட்டுவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது ஆகியவை அவள் சொல்லித் தந்த பாடங்கள். கணவன் விட்டுப் போனபின் அவளும் மகளும் அந்தச் சம்பளத்தில்தான் காலம் தள்ளினார்கள். கல்லூரிகளுக்குத் தரம் போடும் ஆய்வுக்குழு தரத்தைக் குறைத்தால் மாலை வகுப்பின் அனுமதி போகும். வகுப்பு போனால் இளையவளின் வேலையும் போகும். இது நன்றாகத் தெரிந்திருந்ததால்தான் மூத்தவள் அந்தத் தவற்றைச் செய்தாள்.

பயிற்சி அறையில் இருந்தது ஒரே ஒரு கட்டில். அதன் சக்கரப் பூட்டு பிடிப்பதில்லை. நோயாளியாக நடிக்கும் மாணவியை மற்றவள் தூக்க முனையும்போது கட்டில் வழுக்கிக்கொண்டு ஓடும். இளையவள் தன் காலை முட்டுக் கொடுத்தபடியே பாடம் நடத்துவாள். ஒருநாள் அதைக் குறையாக எழுதித் தரப் பிரிவில் கொடுத்தாள். குழு வரவிருந்த சமயம் அது. மூத்தவள் அந்தத் தாளோடு பயிற்சி அறைக்கே வந்து நின்றாள்.

“இதைத் திரும்ப வாங்கிக்கடி.”

“ஏன்க்கா? நேத்துகூட ஒரு பொண்ணு விழப் பார்த்தா.”

“குழு வர்ற நேரத்துல நம்ம பேர்ல குறைன்னு ஒண்ணு கிடந்தா நல்லாவா இருக்கும்? அவங்க போனதும் நானே மெக்கானிக்கைக் கூட்டிட்டு வரேன்.”

“சரி, அப்படியே கட்டில்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடு. அன்னிக்கு ஒரு நாள் மட்டும் ஓடாம இருக்கட்டும்” என்று சிரித்தபடி இளையவள் தாளை வாங்கிக் கிழித்துப் போட்டாள். அக்கா சொன்னால் அவளுக்கு மறுபேச்சு கிடையாது.

விருந்தாளி வருமுன் வீட்டைக் கூட்டி வைப்பதுபோல மூத்தவள் துறை துறையாகப் போய் எல்லாக் குறைகளையும் திரும்பப் பெற வைத்தாள். கல்லூரி பளிச்சென்று ஆனது.

குழு வந்த அன்று அதன் தலைவி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சாந்தமாகத்தான் கேட்டார்.

“உங்க ஆசிரியர்கள் கொடுத்த குறை ஏதாவது ஒண்ணைக் காட்டுங்க. அதை எப்படித் தீர்த்தீங்கன்னு பார்க்கணும்.”

“எங்ககிட்ட குறையே இல்லைங்க மேடம்” என்றாள் மூத்தவள். அதைச் சொல்லும்போது அவளுக்குப் பெருமையாகவும் இருந்தது.

“குறையே வராத இடத்துல, வந்தா என்ன பண்ணுவீங்கன்னு நாங்க எப்படிம்மா தெரிஞ்சுக்கிறது?”

குறைகளைப் பதிந்து, தீர்த்ததைக் காட்ட வேண்டும் என்ற வரியைத் தர விதிகளில் அவள் எத்தனையோ முறை படித்தவள்தான். அன்றுதான் அது அவளைத் திரும்பிப் பார்த்தது.

தரம் இறங்கியது, மாலை வகுப்பு நின்றது. இளையவள் ஒரு வீட்டில் படுக்கையில் கிடந்த முதியவரைப் பார்த்துக்கொள்ளப் போனாள். அவள் அக்காவை ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் மூத்தவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சில மாதங்கள் கழித்து கல்லூரி முதல்வர் மூத்தவளை அழைத்தார். “மறுஆய்வு கேட்டிருக்கோம். இந்தத் தடவை குறைகள் வேணும்மா, தீர்த்து வச்ச குறைகள். வகுப்பு திரும்பக் கிடைச்சா உங்க தங்கச்சியைத்தான் முதல்ல கூப்பிடுவோம்.”

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மூத்தவள் மீண்டும் துறை துறையாக ஏறி இறங்கினாள். “போன தடவை வேணாம்னீங்க, இப்ப வேணும்ங்கறீங்க. எனக்கு ஒரு குறையும் இல்லக்கா, ஆளை விடுங்க” என்று கைகூப்பினார் ஆய்வகப் பொறுப்பாளர். மற்றவர்களும் பிடி கொடுக்கவில்லை. கடைசியில், கிழிந்துபோன அந்த ஒரு தாள்தான் அவளுக்குத் துணையாக நின்றது. கட்டிலின் குறையை நினைவிலிருந்து எழுதினாள், மெக்கானிக்கை வரவழைத்தாள்.

அவர் புதுப் பூட்டு மாட்டினார். மூத்தவள் கட்டிலைத் தன் பலம் கொண்டமட்டும் தள்ளிப் பார்த்தாள். அது அசையவில்லை. படம் எடுத்துக்கொண்டாள். அப்போது முதல்வர் வந்தார்.

“இது சரிசெஞ்ச பின்னால எடுத்தது. முன்னால எடுத்தது எங்க?”

அதை யாரும் எடுத்திருக்கவில்லை.

“அப்ப கழட்டச் சொல்லுங்க. ஒரு நிமிஷ வேலை.”

“காய்ச்சல் குணமானவனைக் குளிர்ல நிறுத்தச் சொல்றீங்களே சார்” என்று முணுமுணுத்தபடி மெக்கானிக் புதுப் பூட்டைக் கழற்றிப் பழையதை மாட்டினார். படம் எடுத்தாயிற்று.

“சார், புதுசைத் திரும்ப மாட்டிடட்டுமா?”

“எதுக்கு? புதுசு மாட்டின படம்தான் இருக்கே. புதுசை ஆய்வகத்து வண்டிக்குப் போட்டுடுங்க, அது தினமும் புழங்குது.”

“வகுப்பு திறந்தா பொண்ணுங்க இதுலதானே சார் பழகணும்?” என்றாள் மூத்தவள்.

“எந்த வகுப்பும்மா? மாலை வகுப்பா? நிர்வாகத்துல அதை எடுத்தே விட்டுட்டாங்க. உங்ககிட்ட சொல்ல விட்டுப்போச்சு. நமக்குத் தரம் வந்தாப் போதும்.”

அவர் போனார். மெக்கானிக்கும் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். மூத்தவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். முதியவர் பகலில் கண்ணயரும் நேரம் பார்த்து இளையவள் போனில் அழைப்பது வழக்கம், அன்றும் அழைத்தாள்.

“மெக்கானிக் வந்தாரா?”

“வந்தார்.”

“இப்ப ஓடலையே?”

கட்டில் மெல்லப் பின்னால் நகர்ந்தது. மூத்தவள் குதிகாலைத் தரையில் ஊன்றினாள்.

“ஓடலடி.”

“அப்பாடா. இனிமே வர்ற பொண்ணுங்களாவது பயமில்லாம பழகட்டும். என்னைக் கூப்பிடறதா இருந்தா கொஞ்சம் முன்னாடியே சொல்லுக்கா. இவங்க வேற ஆள் பார்க்கணுமில்ல?”

“சொல்றேன்” என்றாள் மூத்தவள். இளையவள் வேறு எதையோ பேசிக்கொண்டே போனாள். அவள் பேச்சு முடியும்வரை மூத்தவள் ஊன்றிய காலை எடுக்கவில்லை.