மங்கோலியா பதினோரு மணிக்கு, கியூபா ஒரு மணிக்கு

போன தீபாவளிக்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் டத்தோ கிராமாட் பக்கம் இருக்கும் எங்கள் அடுக்குமாடி வீட்டில், பகல் பன்னிரண்டு மணி வாக்கில் இது நடந்தது. அன்றைக்கு எங்கள் வீட்டில் திறந்த இல்ல உபசரிப்பு, கதவைத் திறந்து வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் விருந்து. அந்த நாளில்தான், என் கையால் கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தில் நானே கடைசி இடத்துக்கு வந்தேன்.

பிள்ளைகளே, நான் அதிகம் படித்தவன் இல்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம், மலாய்ப் பள்ளியில் மூன்று வருஷம், அவ்வளவுதான். கடலுக்கு அந்தப் பக்கம் மாக் மண்டினில், சுவருக்கு அடிக்கும் சாயம் செய்கிற ஒரு தொழிற்சாலைக்கு லோரி ஓட்டுகிறேன். சாய டின்களை ஏற்றிக்கொண்டு தினமும் பாலம் தாண்டித் தீவுக்கு வந்து, இரும்புச் சாமான் கடைகளில் இறக்க வேண்டும். அதனால் பினாங்கில் எனக்குத் தெரியாத சந்து இல்லை, தெரியாத ஆள் இல்லை என்று வீட்டில் பீற்றிக்கொள்வது என் வழக்கம். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

என் மகள் கல்லூரியில் டிப்ளோமா படிக்கிறாள். அவர்களுடைய விரிவுரையாளர் ஒரு டின்னில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி எடுக்கச் சொன்னாராம். நாடு விட்டு நாடு போய் வாழ்கிற இரண்டு சமூகங்களை ஒப்பிட வேண்டும். யார் எப்படி முன்னேறினார்கள், யார் எங்கே மாட்டிக்கொண்டார்கள், ஏன் என்று வகுப்பின் முன்னால் நின்று சொல்ல வேண்டும். மற்ற பிள்ளைகளுக்கு நேப்பாளம், வங்காளதேசம், இந்தோனேசியா என்று பக்கத்து நாடுகளாக விழுந்தன. என் மகள் கைக்கு வந்தது மங்கோலியர்களும் கியூபாக்காரர்களும்.

இதற்கு முந்தைய வகுப்புப் படைப்பில் அவள் இணையத்தில் இருந்ததை அப்படியே வாசித்திருக்கிறாள். விரிவுரையாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டதும் சிலையாக நின்றுவிட்டாள். இந்த முறையும் தவறினால் அந்தப் பாடத்தை மறுபடியும் எடுக்க வேண்டும். தோழிகள் எல்லாம் வேலைப் பயிற்சிக்குப் போய்விடுவார்கள், இவள் மட்டும் அடுத்த வருஷத்துப் பிள்ளைகளோடு உட்கார வேண்டும். "புத்தகத்தில் படி, ஆனால் உயிரோடு இருக்கிற ஒரு ஆளிடமாவது பேசிவிட்டு வா" என்பது அவர் போட்ட நிபந்தனை.

"அவ்வளவுதானா? அப்பா கூட்டிக்கிட்டு வரேன்லா" என்றேன்.

"பினாங்குல மங்கோலியாக்காரங்க எங்கப்பா இருக்காங்க?"

"லோரி ஓட்டுறவனுக்குத் தெரியாத ஆளா?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் பயம்தான் அதிகம் இருந்தது.

மறுநாளே ஒரு கடைத்தொகுதிக்குப் போனேன். அங்கே பெரிய இரும்புத் தட்டில் இறைச்சியைப் புரட்டிப் புரட்டிப் பொரிக்கும் 'மங்கோலியன் பார்பிக்யூ' கடை ஒன்று உண்டு. சமையல்காரர் ஆள் வாட்டசாட்டமாக, கன்னம் அகலமாக இருந்தார். கண்டுபிடித்துவிட்டேன் என்றே நினைத்தேன். ஒரு தட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, மெல்லப் பக்கத்தில் போய், "ஊர்ல குதிரை எல்லாம் எப்படி இருக்கு?" என்று மலாயில் கேட்டேன்.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "அங்கிள், எனக்கு ஊரு இங்கே பக்கத்துல சுங்கை பட்டாணி. எங்க வீட்ல பூனைதான் இருக்கு" என்றார்.

அடுத்து, சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்து, கியூபாக்காரர்கள் ஆடுகிற ஆட்டமாயிற்றே என்று ஒரு சால்சா நடன வகுப்புக்குப் போனேன். ஆசிரியை தைப்பிங்கைச் சேர்ந்த சீனப் பெண்மணி. என் தொழிற்சாலைச் சட்டையையும் பூட்சையும் பார்த்துவிட்டு, "முதல் வகுப்பு இலவசம் அண்ணே" என்றார். நான் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினேன்.

கடைசியில் வழி காட்டியவர், வாரா வாரம் என்னிடம் சாயம் இறக்கிக்கொள்ளும் இரும்புக் கடை முதலாளி, சீனத் தவுக்கேதான். என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "என் பேத்திக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கிற அம்மா மங்கோலியா. என் மகன் குத்துச்சண்டை கத்துக்கப் போறானே செபராங் ஜெயாவுக்கு, அந்தக் கோச் கியூபா. நீ ஏன் என்னைக் கேட்கலே?" என்றார். பத்து வருஷமாக அந்தக் கடைக்குப் போகிறேன். சாயத்தைத் தவிர நான் எதையும் பேசினதில்லை.

இரண்டு பேரையும் நேரில் போய் அழைத்தேன். ஐம்பத்தைந்து தாண்டிய பியானோ ஆசிரியை. அறுபதை நெருங்கும் குத்துச்சண்டைக் கோச். தீபாவளி விருந்து என்றதும் இருவரும் உடனே ஒத்துக்கொண்டார்கள். மகளோடு கொஞ்ச நேரம் பேச வேண்டும் என்றதற்கும் தலையாட்டினார்கள்.

இனி நான் செய்த ஏற்பாட்டைக் கேளுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, ரூல் வைத்து, சிவப்புப் பேனாவால் நடுவில் கோடு போட்டேன். இந்தப் பக்கம் மங்கோலியா, அந்தப் பக்கம் கியூபா. கீழே கேள்விகள்: வீடு சொந்தமா வாடகையா, கார் என்ன கார், பிள்ளைகள் என்ன படித்திருக்கிறார்கள், சம்பளம் தோராயமாக எவ்வளவு. ஒவ்வொன்றுக்கும் மார்க்கு. யாருக்கு அதிகம் வருகிறதோ அந்தச் சமூகம் முன்னேறிய சமூகம். இதைவிட ஒப்பீடு என்ன வேண்டும்?

என் மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னாங்க, பாடத்துக்குக் கேட்கப் போறீங்களா, மாப்பிள்ளை பார்க்கப் போறீங்களா?"

மகள் தலையில் கைவைத்துக்கொண்டாள். "அப்பா, ஒரு ஆளு ஒரு சமூகம் இல்லேப்பா."

"ஒரு சோத்தைப் பார்த்தா பானை தெரியாதா?" என்று வாயை அடைத்துவிட்டேன். அதோடு, ஒருவர் பதிலை இன்னொருவர் கேட்டு மாற்றிச் சொல்லிவிடக் கூடாதே என்று மங்கோலியாவைப் பதினோரு மணிக்கும் கியூபாவை ஒரு மணிக்கும் வரச் சொல்லியிருந்தேன். பரீட்சை மண்டபத்தில் அப்படித்தானே?

ஆனால் நம் ஊரில் திறந்த இல்லத்துக்கு மணி பார்த்து வருகிறவர் யார்? பன்னிரண்டு மணிக்குக் கதவைத் திறந்தால் இருவரும் ஒன்றாக நின்றார்கள். மின்தூக்கி வழக்கம்போல் பழுது. ஏழு மாடி ஏறும்போது பழக்கமாகிவிட்டார்கள். அந்த அம்மா கொண்டுவந்த கேக் பெட்டி கோச் கையில் இருந்தது. என் பரீட்சை மண்டபம் வாசலிலேயே இடிந்தது.

எங்கள் பேச்சு பாதி மலாய், பாதி ஆங்கிலம். உங்களுக்குப் புரிவதற்காகத் தமிழில் எழுதுகிறேன்.

உட்கார்ந்ததும் அந்த அம்மா, "காற்றாடியைக் கொஞ்சம் வேகமாக வையுங்களேன், வெந்துபோகிறேன்" என்றார். ஐந்தில் வைத்தேன். கோச் தோளைத் தேய்த்துக்கொண்டு, "கொஞ்சம் குறைக்கலாமா, குளிர்கிறது" என்றார். இரண்டுக்கு வந்தேன். இப்படி நான் சுவிட்சுக்கும் நாற்காலிக்கும் நாலு தடவை நடந்தேன்.

மனைவி தேநீர் கொடுத்தாள். அந்த அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, கொஞ்சம் உப்புக் கிடைக்குமா என்று கேட்டார். மனைவி சர்க்கரை டப்பாவை நீட்டினாள். "இல்லை, உப்பு." என் மனைவியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! பால் தேநீரில் உப்புப் போட்டுக் குடிப்பது அவர்கள் நாட்டுப் பழக்கமாம். கோச்சோ வாழைக்காய் வறுவல் தட்டை மடியிலேயே வைத்துக்கொண்டார். "இது எங்க அம்மா செய்றது, இங்கே எப்படி வந்துச்சு?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்டார்.

இரண்டாவது கோப்பை நல்ல சூடு. அந்த அம்மாவின் நாக்கு சுட்டுவிட்டது. என்னவோ ஒரு வார்த்தையை முணுமுணுத்தார். கோச் சட்டென்று நிமிர்ந்து பார்த்து, 'ஹா' என்று சிரித்து, அதே மொழியில் பதில் சொன்னார். அவ்வளவுதான், இருவரும் படபடவென்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். அது ரஷ்ய மொழி! அந்த அம்மா பள்ளிக்கூடத்தில் படித்தது. கோச் வாலிப வயதில் ரஷ்யாவுக்குப் போய்ப் படித்தவர். அந்த முதல் வார்த்தை அவ்வளவு நல்ல வார்த்தை இல்லை என்று கோச் எனக்குப் பிற்பாடு சொன்னார்.

டத்தோ கிராமாட்டில், ஏழாவது மாடியில், முறுக்குத் தட்டுக்கு மேலே ரஷ்ய மொழி ஓடுகிறது. வீட்டுக்காரன் நான் ஒன்றும் புரியாமல் நோட்டோடு நிற்கிறேன். விட்டால் பொழுது போய்விடும் என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு பரீட்சையைத் தொடங்கினேன்.

வீடு: இருவருக்கும் வாடகை. சமம். கார்: அந்த அம்மாவிடம் சின்னதாக ஒன்று இருந்தது, கோச்சிடம் மோட்டார் சைக்கிள். மங்கோலியாவுக்கு ஒரு மார்க்கு. பிள்ளைகள்: கோச்சின் மகன் ஸ்பெயினில் டாக்டர், அந்த அம்மாவுக்குப் பிள்ளை இல்லை. கியூபாவுக்கு ஒரு மார்க்கு. அதற்குள் விருந்துக்கு வந்த அக்கம்பக்கத்தார் பந்து விளையாட்டு பார்க்கிற மாதிரி சுற்றி நின்றுகொண்டார்கள். கீழ்வீட்டு அண்ணன், "கியூபா விடாதே!" என்று கத்தினார். மகள் சமையலறைக் கதவில் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

கோச் எழுந்து வந்து என் கையில் இருந்த நோட்டை வாங்கினார். சிவப்புப் பேனாவையும் வாங்கினார். பக்கத்தில் இன்னொரு கோடு போட்டார்.

"மூணாவது ஆளு எங்கே?"

"யாரு?"

"நீதான்."

"நாங்க இங்கத்த ஆளுங்க. என் தாத்தாவுக்கு அப்பா காலத்திலேயே வந்துட்டோம்."

"வந்தீங்கதானே? அப்ப கட்டம் உண்டு. வீடு?"

சுற்றிலும் அண்டை வீட்டார். பொய் சொல்ல வழியில்லை. "வாடகை."

"கார்?"

"லோரி."

"சொந்தமா?"

"கம்பெனி லோரி."

உள்ளேயிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "ஒரு மோட்டார் சைக்கிள் இருக்கு, மழை பெஞ்சா ஸ்டார்ட் ஆகாது. அதையும் எழுதிக்கச் சொல்லுங்க!"

"சம்பளம்?" என்றார் கோச். நான் இருமினேன். அந்த அம்மா ரொம்பப் பரிவோடு, "பரவாயில்லை, கல்யாணமாவது ஆகியிருக்கிறது" என்றார். வீடே அதிர்ந்தது. கியூபாவுக்குக் கத்திய கீழ்வீட்டு அண்ணன்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

நானும் சிரித்தேன். ஆனால் காது சூடாகிவிட்டது. நாலு தலைமுறையாக இங்கே இருக்கிறோம். ஒருவன் பேனாவைப் பிடித்துக்கொண்டு வீடு உண்டா, கார் உண்டா என்று கேட்டு என்னை ஒரு கட்டத்துக்குள் வைத்ததும், என் வாழ்க்கை முழுவதும் மூன்று வார்த்தையில் முடிந்துபோனது. கன்னத்தைப் பார்த்து நான் குதிரையை விசாரித்ததும் பார்பிக்யூ கடைத் தம்பி கரண்டியைக் கீழே வைத்தது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

மகள் வெளியே வந்தாள். நோட்டை வாங்கி மூடினாள். இருவர் முன்னாலும் தரையில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டாள்.

"நீங்க இந்த நாட்டுக்கு வந்த முதல் நாள், உங்களைக் கூப்பிட யாரு வந்தா?"

கோச் சொன்னார்: அவருக்கு முன்னால் வந்திருந்த நண்பர் ஒருவர் விமான நிலையத்தில் காத்திருந்தார். தங்க அறை, மறுநாளே வேலை, திட்டுவதற்குக்கூட சொந்த மொழியில் ஒரு ஆள். அந்த அம்மா சொன்னார்: யாரும் வரவில்லை. பேசி வைத்த வேலையும் இல்லை என்றாகிவிட்டது. இசைப் பள்ளியில் பட்டம் வாங்கியவர் ஒரு வருஷம் ஹோட்டலில் படுக்கை விரிப்பு மடித்தார். விரல் கெட்டுப்போகக் கூடாது என்று இரவில் மேசையைத் தட்டிப் பழகினாராம். சொல்லிக்கொண்டே எங்கள் சாப்பாட்டு மேசையில் பத்து விரலாலும் வாசித்துக் காட்டினார். சத்தமே இல்லை. எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பிறகு அந்த அம்மா என் பக்கம் திரும்பி, "உங்கள் தாத்தாவுக்கு அப்பா வந்திறங்கியபோது, அவரைக் கூப்பிட யார் வந்தார்கள்?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. அதை நான் யாரிடமும் கேட்டதே இல்லை. "சாப்பிடலாம், ஆட்டிறைச்சி ஆறுது" என்று சொல்லித் தப்பித்தேன். அந்த அம்மா கொழுப்போடு எலும்புத் துண்டாகப் பார்த்து மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். உப்புத் தேநீர் விஷயத்தை என் மனைவி அந்த நிமிஷமே மன்னித்துவிட்டாள்.

மறுவாரம் வகுப்பில் படைப்பு. நான் கல்லூரிக்கு வெளியே லோரியை நிறுத்திவிட்டு, அரை மணி நேரம் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். மகள் துள்ளிக்கொண்டு வந்து ஏறினாள்.

"பாஸ்பா! ஆனா நீங்க கோவிச்சுக்கக் கூடாது."

முதல் படமாக அவள் திரையில் போட்டது என் நோட்டுப் பக்கத்தை. 'ஒப்பீடு எப்படிச் செய்யக் கூடாது' என்று மேலே தலைப்பு. வகுப்பே சிரித்திருக்கிறது. விரிவுரையாளர் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். அதன் பிறகு அவர், அவள் புத்தகத்தில் படித்ததில் இருந்து கேள்வி கேட்டார்: அமெரிக்காவில் கியூபாக்காரர்கள் பலர் கடை, தொழில் என்று காலூன்றினார்கள், மங்கோலியர்கள் படித்திருந்தும் பலர் கிடைத்த வேலையைச் செய்கிறார்கள், ஏன்? இந்த முறை என் மகள் சிலையாக நிற்கவில்லை.

"கெட்டிக்காரங்க, சோம்பேறிங்கன்னு இல்லே சார். கியூபாக்காரங்க நிறைய பேரு முன்னாடியே போயிட்டாங்க. அதுலயும் முதல்ல போனவங்களுக்கு அரசாங்கம் நல்லா கை கொடுத்துச்சு. பின்னாடி போனவங்களுக்கு அவ்வளவு இல்லே, ஆனா சொந்தக்காரங்க கடை இருந்துச்சு. மங்கோலியாக்காரங்க கொஞ்சப் பேரு, இப்பத்தான் போறாங்க. அவங்களைக் கூப்பிட யாரும் நிக்கலே" என்றாளாம். இந்தப் பதிலை எனக்கு லோரிக்குள் இரண்டு தடவை சொல்லிக் காட்டினாள். நான் மூன்றாவது தடவையும் கேட்டேன்.

கோபப்பட வேண்டும் என்றுதான் நினைத்தேன். "என் கையெழுத்தாவது நல்லா தெரிஞ்சுச்சா?" என்றுதான் வாயில் வந்தது.

இப்போதும் புது ஆள் ஒருவரைப் பார்த்தால், வீடு சொந்தமா, கார் என்ன கார் என்று நாக்கின் நுனி வரைக்கும் வரத்தான் செய்கிறது. அதை விழுங்கிவிட்டு, வந்த அன்றைக்கு உங்களைக் கூப்பிட யார் வந்தார்கள் என்று கேட்கிறேன், யாரும் வரவில்லை என்று சொன்னால் தேநீருக்குச் சர்க்கரையா உப்பா என்று கேட்டு வீட்டுக்கு அழைத்துவருகிறேன்.