ஏரியை நடந்து கடந்தவன்

நாங்கள் குடியேறிய இந்தப் பனிநாட்டில், லோறென்ஸ்கூக் ஏரிக்கரையில் புதிதாக ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். இங்கே யார் யார் வந்து குடியேறினார்கள் என்ற வரலாறு. நேற்று அதை வாசித்துக்கொண்டு நின்றபோது எங்கிருந்தோ வாஃபிள் அப்பம் சுடும் மணம் வந்தது. அந்த மணத்தை நான் இன்றும் நம்புவதில்லை.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் ஏரியோரம் வீடு வாங்கிய புதிது. என் அயல்வீட்டுத் தாசன் மன்னார்க்காரன். ஒருநாள் நான் அவன் வீட்டிலிருந்தபோது, எதிர்வீட்டு ஆர்னெ கிழவர் ஒரு தட்டு வாஃபிளும் பேனையுமாக வந்தார். ஊர் வரலாறு எழுதுகிறாராம். எப்போது வந்தீர்கள், முதல் நாள் எங்கே தங்கினீர்கள் என்று கேட்டார். நான் அரச அலுவலகத்தில் வேலை பார்த்தவன். இதே கேள்விகளை வாஃபிள் இல்லாமல் கேட்கும் அறைகள் எனக்குத் தெரியும். தாசனின் மனைவி மேரி அப்போது மன்னாரில் விசாவுக்குக் காத்திருந்தாள்; இவன் பதிவில் ஒரு திகதி பிசகினாலும் அது நின்றுவிடும்.

இந்தக் கரைக்கு முதலில் வந்த தமிழன் தாசன்தான். வாய் முழுக்க வாஃபிளோடு உற்சாகமாகத் தொடங்கினான்: "நான் வரேக்கை ஒரே பனி. ஏரியை வயல் எண்டு நினைச்சு நடுவால நடந்து..."

மேசைக்கடியில் அவன் காலை மிதித்தேன். அகதி விண்ணப்பப் பதிவின்படி அந்தக் குளிர்காலம் அவன் வடக்கே, மீன் தொழிற்சாலை ஊரில் அல்லவா இருக்க வேண்டும்! தாசன் விழித்துக்கொண்டான். பெயர், பிறந்த திகதி, வந்த திகதி என்று பொலிஸ் விசாரணையில் சொன்ன அதே வரிசையில் ஒப்புவித்தான்.

"அப்ப ஏரி?" என்றார் கிழவர்.

"ஏரியைப் பற்றி ஒண்டும் தெரியாது" என்றான், ஜன்னல் நிறைய ஏரி நிற்க.

அவர் போனதும் என்மேல் பாய்ந்தான். "என்ரை காலை முறிச்சுப்போட்டியள் அண்ணை. அந்தாள் பாவம்."

"பாவப்பட்டவருக்குப் பேனை என்னத்துக்கு? முதல்லை மேரி வரட்டும்."

மேரி வந்தாள். "இப்ப சொல்லலாம்தானே?" என்றான் தாசன். குடியுரிமை கிடைக்கட்டும் என்றேன். நீங்களே சொல்லுங்கள், முறைப்படி அது சரியான ஆலோசனைதானே?

குடியுரிமை கிடைத்தபோது கிழவர் முதியோர் இல்லத்தில் இருந்தார். மேரி வாஃபிள் சுட்டுக் கொடுக்க, தாசன் கொண்டுபோய் ஒன்றும் விடாமல் முழுக்கதையும் சொன்னான். கிழவர் ஆசையாகக் கேட்டுவிட்டு, "எந்த ஏரி?" என்றாராம்.

பலகையில் பண்ணைக்காரர் இருக்கிறார்கள், பனிக்கட்டி வெட்டி விற்றவர்கள் இருக்கிறார்கள். "பின்னர் வேறு நாட்டவரும் வந்தனர்" என்று கடைசியில் ஒரு வரி. ஆர்னெயின் வீட்டை இடித்து அடுக்குமாடி எழுப்பிவிட்டார்கள். அங்கிருந்து யாரும் எங்களிடம் எதுவும் கேட்டு வருவதில்லை. ஏரியும் முன்போல உறைந்து இறுகுவதில்லை. இப்போது அதை வயலென்று நினைத்து ஒருவன் நடந்து வர முடியாது.