டேஷ்போர்டைத் திறந்த ஞாயிற்றுக்கிழமை

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மிஷின்களைப் பழுதுபார்க்கும் வேலை எனக்கு. டிப்ளமா எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு அங்கே சேர்ந்தேன். கம்ப்யூட்டர் மிஷின் ஒன்று நின்றுபோனால் லைனில் இருக்கிற அத்தனை பேரும் திரும்பி என்னைத்தான் பார்ப்பார்கள். சத்துவாச்சாரியிலிருந்து பஸ்ஸில் போய் வருகிறேன். வயர் விஷயத்தில் நான் பயந்ததே இல்லை. எதையும் திறந்து பார்த்தால் புரிந்துவிடும் என்று சின்ன வயதிலிருந்தே ஒரு நம்பிக்கை. பெரும்பாலும் அது பொய்த்ததும் இல்லை.

அதே கம்பெனியில் தையல் லைனுக்கு சூப்பர்வைசராக ஓர் அக்கா இருந்தார். ஷூவின் மேல்பாகத்தை அப்பர் என்போம். சில மாடல்களில் அப்பருக்குக் கையால்தான் தையல் போட வேண்டும். வெட்டிய தோலையும் மெழுகு நூலையும் கிராமங்களுக்குக் கொண்டுபோய், வீட்டிலிருக்கும் பெண்களிடம் கொடுத்து, தைத்து முடித்ததை வாங்கிவந்து கம்பெனியில் சேர்க்கும் வேலையை அக்கா தனியாக எடுத்துச் செய்ய ஆரம்பித்தார். சூப்பர்வைசர் வேலையை விட்டார். நாற்பதைத் தாண்டிய பிறகு கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, பழைய கார் ஒன்றையும் வாங்கினார்.

ஓட்டுவதில் குறை சொல்ல முடியாது. ஸ்டியரிங்கைப் பிடித்தால் தையல் மிஷினில் உட்கார்ந்த மாதிரி நிதானமாக இருப்பார். வழிதான் அவருக்குப் பிடிபடவில்லை. ஆலங்காயம் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து திரும்பும்போது, கண்ணாடிக்கு முன்னால் வெயிலில் வைத்திருந்த போன் சூடேறி அணைந்துவிட்டது. வயல்களுக்கு நடுவே மாற்றி மாற்றித் திரும்பிச் சுற்றியிருக்கிறார். சாயங்காலம் போய்ச் சேர வேண்டிய சரக்கு மறுநாள்தான் கம்பெனிக்கு வந்தது. இன்னொரு தடவை இப்படி ஆனால் வேன் வைத்திருக்கிற ஆளிடம் வேலையைக் கொடுத்துவிடுவோம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நின்றபடி இதையெல்லாம் அக்கா என்னிடம் சொன்னார். அழவில்லை. கோபமும் இல்லை.

"வண்டி ஓட்டறது ஒரு கஷ்டமும் இல்ல. எங்க திரும்பறதுன்றதுதான் பேஜாரா கீது" என்றார்.

காரிலேயே மேப் காட்டுகிற பெரிய ஸ்கிரீன் ஒன்றைப் பொருத்திவிடலாம் என்றேன். அக்காவும் ஒரு கடையில் விசாரித்திருந்தார். வீட்டில் யாராவது ஆம்பளையை அழைத்துக்கொண்டு வாருங்கள், அவரிடம் விளக்குகிறேன் என்று கடைக்காரர் சொன்னதும் திரும்பி வந்துவிட்டாராம்.

"நான் மாட்டித் தர்றேன்க்கா."

"காருல வேலை செஞ்சிருக்கியா?"

"இல்ல. மிஷினுக்குள்ள ஓடற கரன்ட் காருக்குள்ள வேற மாதிரி ஓடுமா இன்னா?"

அக்கா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார்.

அந்த வாரம் முழுக்கக் கார் வயரிங் வரைபடங்களைப் பார்த்து மனதில் ஏற்றிக்கொண்டேன். ஞாயிறு காலை ஆம்பூரில் அக்கா வீட்டுக்கு முன்னால், தெருவிலேயே கார் நின்றது. வாங்கிவந்த ஸ்கிரீன், மல்டிமீட்டர், கட்டிங் பிளையர், சால்டரிங் இரும்பு எல்லாம் என் பையில் இருந்தன. முதலில் பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றினேன். டேஷ்போர்டின் முன்பலகையை ஸ்குரூடிரைவரால் நெம்பினால் கீறல் விழும். தோலை மடித்து அழுத்துவதற்கு வைத்திருந்த வழவழப்பான மரப்பட்டையை அக்கா எடுத்துவந்து கொடுத்தார். அதை இடுக்கில் செருகி மெல்லத் தூக்கியதும் பலகை சொன்னபடி கேட்டுக் கிளம்பி வந்தது.

உள்ளே பார்த்தால் ஒரே சிக்கல். முன்பு கார் வைத்திருந்தவர் பாட்டுப் பெட்டி மாட்டியிருந்தார். எவரோ கைக்குக் கிடைத்த வயரையெல்லாம் முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். ஸ்கிரீனுக்கு இரண்டு வயர்களில் கரன்ட் வர வேண்டும். ஒன்றில் எப்போதும் வரும். ஸ்கிரீன் தன் ஞாபகத்தை வைத்துக்கொள்வதற்கு அது. மற்றதில் சாவியைத் திருப்பினால்தான் வரும். மாற்றிக் கொடுத்தால் காரை அணைக்கும்போதெல்லாம் ஸ்கிரீன் எல்லாவற்றையும் மறந்துவிடும். நிறத்தை நம்பி இணைத்திருந்தால் அப்படித்தான் ஆகியிருக்கும். பேட்டரியை மறுபடி இணைத்து, அக்காவை சாவியைத் திருப்பி அணைக்கச் சொல்லி, ஒவ்வொரு வயரையும் மீட்டர் வைத்துப் பார்த்தேன். சாவியோடு தூங்க வேண்டிய சிவப்பு வயர் விழித்துக்கொண்டே இருந்தது. இரண்டுக்கும் அடையாளம் கட்டி, பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் பற்றவைத்தேன்.

தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அக்காவின் வீட்டுக்காரர் டீ கொண்டுவந்தார். டேஷ்போர்டு இருந்த இடத்தில் பெரிய ஓட்டையும் அதிலிருந்து தொங்கும் வயர்களும் அவரைக் கலக்கியிருக்க வேண்டும்.

"வண்டி இனிமே ஸ்டார்ட் ஆவுமா?" என்று கேட்டார்.

"ஆவும். டீய அங்க வெச்சிட்டுப் போங்க" என்றார் அக்கா.

மத்தியானம் ஸ்கிரீன் எரிந்தது. மேப்பும் வந்தது. ஆனால் கார் பாலாற்றுக்கு நடுவே நிற்பதாகக் காட்டியது.

அக்கா எட்டிப் பார்த்தார். "ஆத்துலயா நிக்கிறோம்?"

"ஆமாக்கா."

"பரவால்ல, தண்ணி இல்ல."

சிரித்து முடித்த பிறகு காரணத்தைத் தேடினேன். சாட்டிலைட்டிலிருந்து சிக்னல் வாங்கும் சின்ன ஆன்டெனாவை, பார்வையாக இருக்காது என்று டேஷ்போர்டுக்குள்ளே இரும்புத் தகட்டுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். அதை வெளியே எடுத்துக் கண்ணாடிக்குக் கீழே ஓரத்தில் ஒட்டினேன். கொஞ்ச நேரத்தில் காரைக் காட்டும் அம்பு ஆற்றைவிட்டு ஏறி, அக்காவின் தெருவுக்கு வந்து, வீட்டு வாசலில் நின்றது. கறுப்பு டப்பா அங்கே துருத்திக்கொண்டிருந்தது அக்காவுக்குப் பிடிக்கவில்லை. தோல் போட்டு மூடினால் சிக்னல் தடைபடுமா என்று கேட்டார். இரும்புதான் மறைக்கும், தோல் மறைக்காது என்றேன். உடனே உட்கார்ந்து டேஷ்போர்டு நிறத்திலேயே ஒரு சின்ன உறை தைத்து மாட்டிவிட்டார்.

அடுத்த வாரம் சரக்கு ஏற்றிக்கொண்டு ஆலங்காயம் புறப்பட்டபோது நானும் லீவு போட்டுவிட்டு உடன் போனேன். நெட்வொர்க் கிடைக்காத இடத்திலும் வேலை செய்யும்படி அந்தப் பக்கத்து மேப்பை முன்பே இறக்கி வைத்திருந்தேன். வாணியம்பாடி வரை ஹைவே. அங்கிருந்து உள்ளே திரும்பினோம். ஸ்கிரீன் சுத்தத் தமிழில் வலதுபுறம் திரும்பவும் என்று சொல்லும்போதெல்லாம் அக்கா "சரிம்மா" என்று பதில் சொன்னார்.

ஆலங்காயம் தாண்டி மலையடிவார ரோட்டில் ஒரு பெரிய பள்ளம். கார் இறங்கி ஏறியதும் ஸ்கிரீன் இருண்டுவிட்டது. அக்காவின் கை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்ததைப் பார்த்தேன்.

"போச்சா?"

"போவல. ஓரமா நிறுத்துங்க."

பலகையைக் கழற்றி மீட்டரை வைத்தேன். கரன்ட் இரண்டு வயரிலும் சரியாக வந்தது. அப்படியென்றால் எர்த்தில்தான் கோளாறு. கரன்ட் திரும்பிப் போகும் அந்த எர்த் வயரை ஓர் இரும்புப் பட்டையில் ஸ்குரூ போட்டு முடுக்கியிருந்தேன். பட்டையின் மேல் பெயின்ட் இருந்தது. குலுங்கலில் ஸ்குரூ கொஞ்சம் இளகியதும் பிடிப்பு விட்டுவிட்டது. தோல் வெட்டும் கத்தியை அக்காவிடம் வாங்கி, இரும்பு பளபளக்கும்வரை பெயின்டைச் சுரண்டி, மறுபடி முடுக்கினேன். அக்கா சும்மா இருக்கவில்லை. மூட்டையிலிருந்து மெழுகு நூலை உருவி, தொங்கிய வயர்களை ஒன்றாகச் சேர்த்து அப்பருக்குப் போடும் முடிச்சாலேயே இறுக்கிக் கட்டினார். எந்தப் பள்ளத்திலும் இனி அவை அசையாது என்று எனக்கே தோன்றியது. சாவியைத் திருப்பியதும் ஸ்கிரீன் எரிந்தது. நாங்கள் நின்ற இடத்தைச் சரியாகக் காட்டியது.

கொஞ்ச தூரத்தில் மேப்பில் ரோடு முடிந்துவிட்டது. பச்சை நிறத்துக்கு நடுவே எங்கள் அம்பு மட்டும் தனியாக நின்றது. முன்னால் மண்பாதை தெளிவாகத் தெரிந்தது.

"ரோடே இல்லன்னு காட்டுதே" என்றார் அக்கா.

மேப் வரைந்தவர்கள் இந்தப் பாதையை விட்டுவிட்டார்கள், ஆனால் நாம் எங்கே இருக்கிறோம் என்பது இதற்குத் தெரியும், வந்த வழியை இது கோடு போட்டு வைத்திருக்கிறது, எத்தனை தடவை திரும்பினாலும் அதைப் பிடித்தே வெளியே வந்துவிடலாம் என்று விளக்கினேன். அக்கா கோட்டையும் பாதையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கியரைப் போட்டார்.

தென்னந்தோப்பைத் தாண்டியதும் வீடுகள் வந்தன. பெண்கள் புளியமரத்தடியில் காத்திருந்தார்கள். அக்கா இறங்கியதும் ஆளே மாறிவிட்டார். முடித்த அப்பர்களை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, தையல் இடைவெளி கோணியிருந்தவற்றைத் தனியே வைத்து, அங்கேயே உட்கார்ந்து பிரித்துச் சரிசெய்ய வைத்தார். பி.காம் முடித்த ஒரு பெண் காருக்குள் எட்டிப் பார்த்து, எங்கள் ஊர் இதில் இல்லையா என்று கேட்டாள். குறித்து வைத்துவிடலாம், பேர் சொல்லுங்கள் என்றேன். அதில் ஒரு சண்டை கிளம்பியது. ரேஷன் கார்டில் ஒரு பேர், ஊரார் கூப்பிடுவது ஒரு பேர். கூப்பிடுகிற பேர்தான் வேண்டும் என்று அந்தப் பெண் பிடிவாதமாக நின்றாள். மற்றவர்களும் அவள் பக்கம் சேர்ந்தார்கள். அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்து எழுத்தாக அந்தப் பேரை ஏற்றினார்.

அன்று சரக்கு கம்பெனி கேட் மூடுவதற்கு வெகு முன்பே போய்ச் சேர்ந்தது. மேனேஜர் அடுத்த லாட்டைக் காட்டி, எப்போது எடுத்துக்கொள்வீர்கள் என்று மட்டும் கேட்டார். இப்போது குடியாத்தம் பக்கத்திலும் அக்காவுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். மேப்பில் இல்லாத பல ஊர்கள் அவருடைய ஸ்கிரீனில் இருக்கின்றன. அந்தக் காரைப் பற்றிக் கேள்விப்பட்டு சத்துவாச்சாரியில் ஒரு டீச்சரும், அவரைப் பார்த்து அவர் தங்கையும் என்னைக் கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் இது எனக்கு இன்னொரு வேலையாகிவிட்டது.

போன மாதம் அக்கா போன் செய்தார். சந்துகளில் ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் ஆடு, கோழி, குழந்தை எதுவும் தெரிவதில்லையாம்.

"பின்னாடி கேமரா மாட்ட முடியுமா?"

"முடியும்க்கா. டிக்கியில இருக்கற சாமானெல்லாம் வெளிய எடுத்து வெச்சிடுங்க, வர்றேன்" என்றேன்.