ஷூவுக்கென்று செய்த கால்

சாலமன் அண்ணன் இறந்த செய்தி எனக்கு ஒரு படமாகத்தான் வந்தது. பட்டறையில் பிளாஸ்டர் குழைத்துக்கொண்டிருந்தேன், கை முழுக்க வெள்ளை. போன் அதிர்ந்தது. முழங்கையால் தள்ளிப் பார்த்தால் ‘கண்ணீர் அஞ்சலி’ என்று மேலே போட்டிருக்கிறது, இஸ்திரி போட்ட சட்டையில் அண்ணன் சிரிக்கிறார். மார்போடு படத்தை வெட்டியிருந்தார்கள். வெட்டிய பகுதியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். பளபளக்கும் கறுப்பு ஷூ இருந்தது. அதை மாட்டிவிட்ட பிரமுகரின் கை இருந்தது. இலவசச் செயற்கைக் கால் முகாமில் எடுத்த படம் அது. வீட்டில் வேறு நல்ல படம் இல்லை என்று அவர் மனைவி கிரேஸ் அக்கா பிறகு சொன்னார்.

அண்ணன் வேலை பார்த்த பட்டுக் கடையின் ஊழியர்கள் நீங்கள் சேர்ந்து போடும் நினைவு மலருக்கு எழுதித் தரச் சொன்னீர்கள். நல்ல வார்த்தையாக நாலு எழுதுங்கள் தம்பி என்றும் சொன்னீர்கள். எனக்கு அது வராது. நான் செயற்கைக் கால் செய்கிற டெக்னீஷியன். எது எங்கே உடைந்தது என்று சொல்லத்தான் படித்திருக்கிறேன்.

வாலாஜாபாத் சாலையில் வேலைக்கு வரும்போது லாரி மோதி, இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளும் ஆர்லிக்சும் வாங்கிக்கொண்டு போனீர்கள். அதற்கப்புறம் நடந்தது உங்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. தெரிந்துகொள்ள நீங்கள் கேட்கவும் இல்லை.

முகாமில் கொடுத்த காலோடு அவர் எங்கள் பட்டறைக்கு வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. உள்ளே வரும்போதே சத்தம்.

“யார்பா இங்க இன்ஜினியரு? இந்தக் கால் என்னைப் பின்னாடி தள்ளுது. ரோட்ல நல்லாத்தான் போவுது. கடைக்குள்ள ஏறுனா மலை ஏர்ற மாதிரி இருக்குது.”

“நான் இன்ஜினியர் இல்லண்ணா. கடையில என்ன வேலை?”

“பட்டுப் பொடவை விக்கறது. மெத்தை மேல உக்காந்து.”

“செருப்பு போடுவீங்களா?”

“நீ இன்னா, கோயிலுக்குள்ள ஷூ போட்டுக்கினு போவியா?”

அந்தக் கேள்வியிலேயே கோளாறு பிடிபட்டுவிட்டது. அந்தக் கால் ஷூவுக்கென்று செய்தது. ஷூவின் குதிகால் உயரத்தைக் கணக்கில் வைத்து வார்த்திருந்தார்கள். ஷூவைக் கழற்றினால் குதிகால் கீழே இறங்கும், கால் பின்பக்கம் சாயும், முழங்கால் பின்னுக்குப் போகும். திருகித் திருத்த அதில் இடமும் இல்லை. முகாமில் என்னதான் கேட்டார்கள் என்றேன்.

“ஷூ சைஸ் இன்னான்னு கேட்டாங்கபா. என் வயசுக்கு யாரும் என்கிட்ட அதக் கேட்டதில்ல. பெருமையா சொன்னேன்.”

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த ஊரில் வீட்டில் வெறுங்கால், கோயிலில் வெறுங்கால், தறியில் வெறுங்கால். பட்டுக் கடையிலோ வாங்க வருகிறவர்களே செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் வெள்ளை விரிப்பு போட்ட மெத்தையில் உட்காருகிறார்கள். இப்படிப்பட்ட ஊரில் மேடை போட்டு ஷூ சைஸ் கேட்டிருக்கிறார்கள். மேடையில் ஷூவோடு நடந்துகாட்டினார், கை தட்டினார்கள், படம் எடுத்தார்கள், முடிந்தது. நாளைக்கு எங்கே நிற்கப் போகிறாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

கெட்டி ரப்பரை ஆப்பு மாதிரி சீவி, குதிகாலுக்கு அடியில் ஒட்டி, மேலே வெள்ளை சாக்ஸ் போட்டுவிட்டேன். எழுந்து நின்று பார்த்தார். “இப்பதான்யா தரை தரையா இருக்குது” என்றார். அந்த ரப்பரோடுதான் உங்கள் கடைக்கு அவர் திரும்பி வந்தார்.

கால் இல்லாமல் இருப்பதற்கு எவ்வளவு செலவாகும் என்று அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். பாடத்தில் அது கிடையாது. ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வரலாம். ஆனால் இவர் ஏறி இறங்க நேரமாகிறது என்று பாதிப் பேர் நிறுத்துவதில்லை. மழை நாளில் தனி ஆட்டோ. கடையில் இருப்பது குந்தி உட்காரும் கக்கூஸ், அவரால் முடியாது. தெருமுனை ஓட்டலில் நாற்காலி மாதிரி உட்காருவது இருக்கிறது, சும்மா போனால் முறைப்பார்கள், அதனால் ஒரு காபி. “ஊர்ல எல்லாரும் காபி குடிச்சிட்டு கக்கூஸ் போவாங்க. நான் கக்கூஸ் போறதுக்காவ காபி குடிக்கிறேன்” என்பார். சாக்ஸ் கிழியும், வார் அறுந்துபோகும், புண்ணுக்கு மருந்து வேண்டும், அதைக் காட்டப் போகிற நாளுக்குச் சம்பளம் இல்லை. “கால் போனது ஒரு நாள் செலவுபா. காலில்லாம இருக்கறது தெனச் செலவு.” இதை அவர் புலம்பலாகச் சொன்னதே இல்லை. விலை கேட்கிற வாடிக்கையாளரிடம் விலை சொல்வதுபோலச் சொல்வார். லாரிக்காரன்மேல் போட்ட நஷ்டஈட்டு வழக்கு அப்போதும் நடந்தது, இப்போதும் நடக்கிறது. வழக்குப் போட்டவர்தான் இல்லை.

வெட்டுப்பட்ட கால் நாளாக ஆக இளைக்கும். முதலில் கொடுக்கிற கிண்ணம், அதாவது மிச்சக் காலைச் செருகிக்கொள்ளும் மேல்பாகம், ஒரு வருஷத்துக்குள் தொளதொளத்துவிடும். புதுக் கிண்ணம் போட்டே ஆக வேண்டும். இது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. முகாம் நடத்தியவரிடம் நானே அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனேன்.

“அவருக்குத்தான் ஏற்கெனவே குடுத்தாச்சே தம்பி” என்றார் அவர்.

“போன வருஷமே சாப்பிட்டாச்சேன்னு நீங்க இந்த வருஷம் சாப்பிடாம இருக்கீங்களா சார்?”

அண்ணன் என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தார். “உன் வாய்க்கு ஒரு கிண்ணம் போடணும்டா மொதல்ல” என்று திட்டினார். நான் பாதிப் பணம் போடுகிறேன், மீதியைப் பார்க்கலாம் என்றேன். ஒப்புக்கொள்ளவில்லை. “முகூர்த்த சீசன் வருது. மெத்தையில உக்காந்தா கமிஷன் வரும். கமிஷன் வந்தா கிண்ணம். நான் கல்யாணப் பொடவை வித்தே கால் வாங்குவேன் பாரு” என்றார்.

ஆக, அந்த மெத்தைதான் அவருக்குக் கால். இதை நீங்கள் புரிந்துகொண்டால் போதும்.

மெத்தையில் அவர் எப்படி உட்கார்ந்தார் என்று உங்களுக்குத் தெரியும். காலைக் கழற்றிப் பின்னால் மடித்த விரிப்புக்குள் வைத்துவிட்டு, வேட்டியைப் பரத்திவிட்டு உட்காருவார். உங்கள் கலா அக்கா அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுப்பார். முந்தானையை அவர் விசிறி விரித்தால் எதிரில் இருப்பவர்கள் வேறெங்கும் பார்க்க மாட்டார்கள். அன்றைக்கு ஒரு கல்யாண வீட்டார். மணப்பெண் அரக்கு நிறப் புடவை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு இறக்க மனசில்லாமல் இருந்தாளாம். பில் போடும் நேரத்தில், பின்னால் விளையாடிய குழந்தை விரிப்பை இழுத்திருக்கிறது. கால் உருண்டு வந்து பெண்ணின் அம்மா முன்னால் கிடந்தது.

“கல்யாண காரியத்துக்கு வந்த எடத்துல இது இன்னா கர்மம்!” என்று அந்த அம்மா எழுந்துவிட்டார்.

“கால்தாம்மா காணோம், கை ரெண்டும் இருக்குது. பொடவைய நான் கால்லயா மடிக்கிறேன்?” என்று கேட்டிருக்கிறார் அண்ணன்.

கல்லாவிலிருந்து முதலாளி வந்தார், கை கூப்பினார். அதே புடவையை வேறொருவர் கையால் மடித்து, மஞ்சள் குங்குமத்தோடு கொடுக்கச் சொன்னார். மறுநாளிலிருந்து அண்ணனுக்கு வேலை கீழே, பேக்கிங்கில். “பொடவை பிடிச்சுதாம்பா. கை மட்டும் வேற வேணுமாம்” என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து நான் நம்பாதது அந்த ஒரு தடவைதான்.

அன்றைக்கு நீங்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தீர்கள். மடித்துக் கொடுத்த அந்த ‘வேறொரு கை’ உங்களில் ஒருவருடையது. பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அண்ணனே என்னைத் திட்டுவார்.

பேக்கிங்கில் உட்கார வழியில்லை. சிமெண்டுத் தரையில் நாள் முழுக்க நிற்க வேண்டும். கமிஷன் கிடையாது, அதனால் கிண்ணமும் கிடையாது. தொளதொளத்த கிண்ணத்துக்குள் சாக்ஸ் மேல் சாக்ஸ் திணித்தார், போதாதபோது பழைய வேட்டியைக் கிழித்துத் திணித்தார். ஏற்கெனவே சர்க்கரை உள்ளவர். புண் வந்தது. பார்த்ததும் கத்தினேன், இது ஆறுகிறவரை காலை மாட்டவே கூடாது என்றேன்.

“மாட்டலன்னா எப்டி நிக்கறது? நிக்கலன்னா எப்டி சம்பளம்? கணக்கு போட்டுச் சொல்லு இன்ஜினியரு.”

மறுநாளும் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். புண் புரையோடி, விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நேரம் கடந்திருந்தது. லாரி மோதியதில் பிழைத்த மனிதர் கிண்ணம் தொளதொளத்துச் செத்தார். சர்க்கரையால் போய்விட்டார் என்று பேசிக்கொள்கிறீர்கள். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள்.

அடக்கத்தன்று முதலாளி ஆளுயர மாலையோடு வந்தார். முகாம்காரரும் வந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று நாலு பேர் காதில் விழும்படி, “நாங்க குடுத்த கால்லதான் கடைசி வரைக்கும் நடந்தாரு” என்றார்.

“ஆமா சார். அதனாலதான் இங்க படுத்திருக்காரு” என்றேன்.

யாரோ என் தோளைப் பிடித்து இழுத்தார்கள். கிரேஸ் அக்கா மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்தார். “விடுங்க அவன. அவுரு இருந்திருந்தா இத வுட நல்லாவே கேட்டிருப்பாரு” என்றார்.

பிறகொரு நாள் அக்கா பட்டறைக்கு வந்தார். அந்தக் காலை முகாம்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாராம், வீட்டில் வைத்துக்கொள்ள மனசில்லை. முந்தானையிலிருந்து எதையோ எடுத்து என் மேஜைமேல் வைத்தார். சாக்ஸ் நூல் ஒட்டிக்கிடக்கிற, ஒரு பக்கம் தேய்ந்துபோன அந்த ரப்பர் ஆப்பு. “இது அவங்க குடுத்தது இல்லியே. உன்துதானே” என்றார்.

அது மேஜையிலேயே இருக்கிறது. அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுவும் ஒரு கேள்வியும். போன வாரம் வாலாஜாபாத் அரிசி ஆலையில் வேலை பார்க்கிற ஒருவரை அழைத்துவந்தார்கள். வலது கால் இல்லை. உட்காரும்போதே, “என் சைஸ் எட்டு சார்” என்றார்.

“அதை அப்புறம் சொல்லுங்க. வேலை நேரத்துல எங்க நிப்பீங்க?”

“களத்துலதான். நெல்லு காய வைக்கிற எடம், செருப்பு போட்டு மிதிக்க முடியாதே.”

அவர் வாங்கிவந்திருந்த ஷூவை எடுத்து மேஜைக்கு அடியில் போட்டுவிட்டு, அவரை வெறுங்காலோடு நிற்கவைத்து அளவெடுத்தேன்.