கடல் எந்தப் பக்கம்?

பாரிசில் மெட்ரோ நிலையத்தின் படியேறி வெளியே வந்ததும் நான் ஒரு கணம் அசடு மாதிரி நிற்பேன். பதினான்கு வருடங்களாக இதே கதைதான். பின்னால் வருகிறவர்கள் "பர்தோன், பர்தோன்" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே என்னை இடித்துவிட்டுப் போவார்கள். கடல் எந்தப் பக்கம் என்று பார்க்கிறேன், அவ்வளவுதான். இந்த ஊரில் கடல் கிடையாது என்பது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் கழுத்துக்குத் தெரியவில்லை, அது பாட்டுக்குத் திரும்புகிறது. இங்கே யாரிடம் வழி கேட்டாலும் இடது, வலது, மூன்றாவது சிக்னல் என்கிறார்கள். முத்தியால்பேட்டையில் பிறந்தவளுக்கு அதெல்லாம் எதற்கு? "கடலப் பாத்து நேரா போயி ரெண்டாவது தெருவுல திரும்பு" என்றால் கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்ச் சேர்ந்துவிடுவேன். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட நம் ஊரில் தெருக்கள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டவை. கிழக்கே பார்த்து நடந்துகொண்டே இருந்தால் கடைசியில் அலைச்சத்தம் கேட்டுவிடும்.

என் அக்கா ஜன்னத் என்னைவிட எட்டு வயது மூத்தவள். முத்தியால்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கிறாள். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள மாப்பிள்ளை எனக்கு அமைந்தபோது வீடே குதூகலித்தது, அவள் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். புறப்படுகிற அன்று என் பெட்டியில் கடைசிப் புடவையை மடித்து வைத்துவிட்டு, "அப்புடி அந்த ஊர்ல என்னாடி இருக்கு, நம்ம ஊர்ல இல்லாதது?" என்று கேட்டாள். அதற்குள் வாசலில் கார் வந்துவிட்டது. அந்தக் கேள்வியும் என்னோடு விமானம் ஏறிவிட்டது. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் அவள் அதை மறுபடி கேட்கவே மாட்டாள். கேட்காமல் என்னை ஒரு பார்வை பார்ப்பாள், அது இன்னும் மோசம். போன மே மாதம் பத்து நாள் சுற்றுலா விசாவில் அவள் வருகிறாள் என்றதும் நான் முடிவு செய்தேன். அக்கா வாயால் ஒரே ஒரு தடவை "நல்லாயிருக்கு" என்று சொல்ல வைத்துவிட வேண்டும். சொல்லிவிட்டால் என் பதினான்கு வருடமும் பாஸ்.

இதில் ஒரு சின்னச் சிக்கல். நானே பாரிசைப் பார்த்ததில்லை. தெற்குப் புறநகரில் வீடு, நகரத்தின் வட எல்லையில் ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில் சமையல் வேலை. இரண்டுக்கும் நடுவே பாரிஸ் எனக்குச் சுரங்கத்தில் ஓடும் ஒரு ரயில், அவ்வளவே. உலகமே ஆசைப்பட்டு வந்து பார்க்கிற ஊரை நான் பதினான்கு வருடமாக அடிவழியாகக் கடந்துகொண்டிருந்தேன். அக்கா வருவதற்கு முந்தின வாரம் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி உட்கார்ந்து, எந்தக் கட்டடம் யார் கட்டியது, எங்கே டிக்கெட், எங்கே கழிப்பறை என்று மனப்பாடம் செய்தேன். விருந்தாளி வந்தால்தான் நாமும் நல்ல தட்டில் சாப்பிடுகிறோம்.

அக்கா வந்தாள், பார்த்தாள், மசியவில்லை. நீல நிறத் தெருப் பலகையைக் காட்டினால் "நம்ம ஊர்லயும் இதேதான்" என்றாள். சூடான நீள ரொட்டியை வாங்கிக் கொடுத்தால், "நம்ம பேக்கரி ரொட்டிதான்டி மெத்துனு இருக்கும். இது வாயக் கிழிக்குது" என்றாள். போலீஸ்காரரைப் பார்த்ததும் நிஜமாகவே வருத்தப்பட்டாள். "செவப்புத் தொப்பி எங்கடி? நம்ம ஊரு போலீஸாண்ட இருக்குது, இவங்களாண்ட இல்லியே?" பெரிய துணிக்கடையின் கண்ணாடிக்குள் நின்ற பொம்மையின் கோட்டை ஐந்து நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, பொத்தான் காஜா சரியில்லை என்று தீர்ப்புச் சொன்னாள். நான் கடைக்காரியைப் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தேன். அவள் நாங்கள் கோட்டு வாங்கப் போகிறோம் என்று நினைத்துக் கதவையே திறந்துவிட்டாள்.

ஐஃபெல் கோபுரத்தை நான் பெரிதும் நம்பியிருந்தேன். மூன்றாம் நாள் ஏறினோம். உச்சியில் காற்று எங்கள் முக்காடுகளைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. கீழே ஊர் முழுவதும் விரிந்து கிடந்தது. இத்தனை அழகான ஊரிலா நான் இத்தனை வருடம் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன்? அக்கா நாலு பக்கமும் நிதானமாகச் சுற்றிப் பார்த்தாள்.

"கடல் எந்தப் பக்கம்டி?"

"இங்க கடல் இல்லக்கா."

"இவ்ளோ ஒசரமா கட்டிட்டு, மேலேந்து பாத்தா கடல் தெரியலன்னா எதுக்குடி?"

இறங்கி வந்து, தரையில் துணி விரித்து விற்றவரிடம் குட்டிக் கோபுரம் தொங்கும் பித்தளைக் கீ செயின் ஒன்று வாங்கினாள். சரி, இதாவது பிடித்ததே என்று எனக்குச் சந்தோஷம். "நம்ம பீச்சுல காந்தி சிலையாண்டயும் இத விக்கிறான். எதுக்காவது ஆவும்னு வாங்குனேன்" என்று அதையும் கெடுத்தாள்.

ஆறாம் நாள் காலை வெற்றி வளைவுக்குப் போனோம். பன்னிரண்டு சாலைகள் வந்து கூடுகிற பெரிய வட்டத்தின் நடுவே அது நிற்கிறது. அக்காவுக்கு முழங்கால் வலி. ஷான்செலிசே சாலை தொடங்குகிற இடத்தில் ஒரு பெஞ்சில் அவளை உட்கார வைத்து, "எங்கயும் போவாத, தோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு டிக்கெட் வரிசைக்குப் போனேன். முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பினால் பெஞ்சில் ஒரு புறா உட்கார்ந்திருந்தது.

அக்காவின் போனுக்கு இங்கே சிம் கிடையாது. பத்திரிகைக் கடைக்காரரிடம் பச்சைப் புடவை கட்டிய பெண்ணைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். பதற்றத்தில் என் பிரெஞ்சு குழறியதோ என்னவோ, அவர் பச்சை நிறத் துணிப்பை ஒன்றை எடுத்து நீட்டினார். பன்னிரண்டு சாலை, ஒரு அக்கா. "நல்லாயிருக்கு" எல்லாம் வேண்டாம் அல்லாவே, அவள் கிடைத்தால் போதும் என்று அழுதுகொண்டே நின்றேன். அப்போதுதான் என் கழுத்து வழக்கம்போல் தானாகத் திரும்பியது. பத்து மணி வெயில் ஷான்செலிசேயின் மறுகோடியிலிருந்து நேராக என் முகத்தில் அடித்தது. நேர்கோடாக, அகலமாக, வெயில் வரும் திசையைப் பார்த்து ஓடும் சாலை. நம் ஊர்ப் பெண் ஒருத்தி அதன் தலைமாட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் எங்கே போவாள்?

ஓடினேன். சாலை முழுக்க ஓடி, பெரிய சதுக்கத்தையும் தாண்டி, சேன் நதியின் கரைக்கு வந்தேன். அக்கா கரைச் சுவரில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பீச் ரோட்டில் மாலைக்காற்று வாங்குகிறவளைப் போல முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஏன்க்கா இப்புடிப் பண்ண? உன்ன எங்கன்னு தேடறது?"

"ஏன் கத்தற? நீ இல்லன்னு சொன்னா ஆச்சா, கடலப் பாத்துட்டு வந்துர்லாம்னு நடந்தேன். போலீஸ்காரர் ஒருத்தராண்ட லா பிளாழ்னு கேட்டேன். ரெண்டு வெரலக் காமிச்சாரு. ரெண்டு நிமிஷம்தானன்னு வந்தேன்."

லா பிளாழ் என்றால் கடற்கரை; போலீஸ்காரர் காட்டியது இங்கிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம் என்று. அதைச் சொன்னதும் அவள் நதியை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். "அதான பாத்தேன். உப்பு வாசனையே இல்லியேன்னு." எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. சிறிது நேரம் கழித்து, நான் வராமலே போயிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டேன்.

"நீ வருவ. வேற எந்தப் பக்கம் தேடுவ?"

பக்கத்தில் உட்கார்ந்தேன். டிக்கெட் இரண்டும் வியர்த்த கையில் நசுங்கிக் கிடந்தன. வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "ஒண்ணுகூடவா புடிக்கலக்கா? நம்ம ஊர்ல இல்லாதது ஒண்ணுகூடவா இங்க இல்ல?"

நதியில் ஒரு சுற்றுலாப் படகு போயிற்று. அதிலிருந்தவர்கள் எங்களைப் பார்த்துக் கையசைத்தார்கள், அக்காவும் அசைத்தாள். பிறகு, "எல்லாம் நம்ம ஊர்ல இருக்கறதுதான்டி. நீதான் அங்க இல்ல" என்றாள். அந்தக் கேள்விக்குள் பதினான்கு வருடமாக இதுதான் இருந்திருக்கிறது. நான் அதை ஊரைப் பற்றிய கேள்வி என்றே நினைத்து, கோபுரத்தையும் வளைவையும் பதிலாகத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பத்தாம் நாள் அவளை விமானம் ஏற்றிவிட்டு வீடு திரும்பினேன். கதவுக்குப் பின்னால் இருக்கும் ஆணியில் அந்தப் பித்தளைக் கோபுரம் தொங்கியது. அதன் வளையத்தில் முத்தியால்பேட்டை வீட்டு வாசல் சாவி. அவள் ஊர் போய்ச் சேர்ந்ததும், சாவியை மறந்துவிட்டுப் போய்விட்டாயே என்று போனில் சொன்னேன்.

"மறக்கல. மாட்டிட்டு வந்தேன். எங்களாண்ட வேற இருக்குது" என்றாள்.

இங்குள்ள வீட்டுச் சாவியையும் அதே வளையத்தில் கோத்துக்கொண்டேன். தினமும் மாலை வேலை முடிந்து வந்து, இருட்டான நடைவழியில் கதவைத் திறக்கும்போது முதலில் கையில் அகப்படுவது முத்தியால்பேட்டைச் சாவிதான். அது இந்தப் பூட்டுக்குள் பாதி வரைக்கும் போகிறது.