அப்பா ரேங்க் கட்சிக்கு மாறியது

அக்காவுக்கு எம்.எஸ்ஸி. தாவரவியல் படிக்க இரண்டு இடங்களில் சீட் கிடைத்தபோது எங்கள் வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. இரண்டுமே அரசுப் பல்கலைக்கழகங்கள். ஒன்று சென்னையில், இன்னொன்று கோயம்புத்தூரில். நான் அப்போது பூம்பாறைப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். எனக்கு ஓட்டு இல்லை. இருந்திருந்தால் கடல் இருக்கிற ஊருக்குப் போட்டிருப்பேன்.

சென்னைக் கட்சியின் தலைவர் மாமா, அம்மாவின் தம்பி. கொடைக்கானலில் ஒரு லாட்ஜின் ரிசப்ஷனில் வேலை பார்த்தார். வந்து தங்கியவர்கள் ஊருக்குப் போய் போனில் போடும் நட்சத்திரங்களில்தான் அவர் பிழைப்பு ஓடியது. வெந்நீர் வரவில்லை என்று எவராவது ஒரு நட்சத்திரத்தைக் குறைத்துவிட்டால் மாமாவுக்கு அன்று சோறு இறங்காது. அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்து, போனை அப்பாவின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“மச்சான், இது இந்தியா ஃபுல்லா எடுத்த ரேங்க்கு. சென்னை எங்க நிக்குது, கோயம்புத்தூர் எங்க கெடக்குன்னு நீங்களே பாருங்க.”

அப்பா போனைப் பார்க்கவே இல்லை. “ரேங்க்க வச்சு என்ன மாப்ள பண்றது? நம்ம பூண்டுக்கு எவன் ரேங்க் போட்டான்? வாங்குறவன் மோந்து பாத்துத்தான வாங்குறான்.”

அம்மா அப்பாவின் கட்சி. கோயம்புத்தூர் என்றால் பழனியில் இறங்கி ஒரே பஸ். “புள்ளைக்குக் காய்ச்சல்னா வெரசா போய் நிக்கலாம்ல” என்பதுதான் அவளுடைய ஒரே வாதம். அக்கா எந்தக் கட்சியிலும் சேரவில்லை. யார் கேட்டாலும் “பாக்கலாம்” என்றாள். அவள் எப்போதுமே அப்படித்தான். பேச்சை எண்ணி எண்ணிச் செலவழிப்பவள்.

கடைசியில் அப்பா, “ரெண்டையும் மோந்தே பாத்துருவோம்” என்று சொல்லிவிட்டார். லீவு என்பதால் என்னையும் கூட்டிப் போனார்கள்.

முதலில் கோயம்புத்தூர். புதுக் கட்டடம், பளபளவென்று தரை. ஒரு பேராசிரியர் எங்களை உட்காரவைத்து டீ வரவழைத்தார். அப்பா பூண்டு போடுகிறவர் என்று தெரிந்ததும், பூண்டில் வரும் அழுகல் நோயைப் பற்றி அவரிடமே கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டார். அரை மணி நேரம் அப்பா பேச, அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். திரும்பி வரும்போது அப்பா பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடமெல்லாம் அந்தப் பேராசிரியரைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தார். முடிவு தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் சென்னை. வெயில் அப்பாவை அடித்துப் போட்டுவிட்டது. “நீங்க போயிட்டு வாங்க. நான் இந்த மரத்தடியில கெடக்கேன்” என்று வாசலருகிலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் அக்காவும் மட்டும் உள்ளே போனோம்.

பழைய கட்டடம். சுவரில் காரை பெயர்ந்திருந்தது. டீ கிடையாது. ஒரு மேடம் எங்களை ஒரு நீள அறைக்குக் கூட்டிப் போனார். கூரைவரை இரும்பு அலமாரிகள். ஒவ்வொன்றிலும், காயவைத்து அட்டையில் ஒட்டிய செடிகள். எந்த ஊர் என்று கேட்டவர், அக்கா சொன்னதும் ஓர் அலமாரியைத் திறந்து ஓர் அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். பழுப்பேறிய ஒரு பெரணி. கீழே மங்கிய மையில் எங்கள் பக்கத்து ஊரான கூக்காலின் பெயரும் ஒரு பழைய வருஷமும் எழுதியிருந்தன. எங்கள் தாத்தா பிறப்பதற்கு முன்பே யாரோ கூக்கால் சோலைக்குள் நடந்துபோய் அதைப் பறித்திருக்கிறார்கள்.

அக்கா தொடப் போன கையை இழுத்துக்கொண்டாள். பிறகு, “இன்னொண்ணு பாக்கலாமா மேடம்?” என்றாள். பிறகு இன்னொன்று. எனக்குப் பசித்தது. அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தேன். அவளுக்கு அது தெரியவே இல்லை.

வெளியே வந்தபோது அப்பா எழுந்து நின்றார். அக்கா பேசினாள். பெரணி, பாசி, அலமாரி, அந்த மேடம் என்று மூச்சு விடாமல் பேசினாள். அத்தனை பேச்சு அவளுக்குள் இருந்தது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பஸ் ஸ்டாப் வருவதற்குள் அவள் அடங்கிவிட்டாள். ரயிலில் ஜன்னல் பக்கம் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்: “கோயம்புத்தூரே போதும்ப்பா. உங்களுக்கும் அங்க புடிச்சிருந்துச்சு. அம்மாவும் தைரியமா இருப்பாங்க.”

அப்பா “ம்” என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மாமா சண்டைக்குத் தயாராக வந்து இறங்கினார். அவர் வாய் திறப்பதற்குள் அப்பா, “மாப்ள, அந்த ரேங்க்க இன்னொருக்கா காட்டு” என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை வெகுநேரம் பார்த்தார்.

“இம்புட்டு வித்தியாசமா? தெரியாமப் பேசிட்டேன்யா. சென்னைதான்.”

அக்கா திடுக்கிட்டாள். “ரேங்க்ல ஒண்ணுமில்லன்னு நீங்கதானப்பா சொன்னீங்க?”

“அது முந்தி. நாலு பேரு கேட்டா எனக்கும் பெருமையாச் சொல்லணும்ல? எனக்காகப் போயிட்டு வா தாயி.”

அம்மா அப்பாவை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு உரித்துக்கொண்டிருந்த பூண்டிலேயே குனிந்துகொண்டாள். அக்கா எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. கொண்டாட்டமாக எனக்கு ஐம்பது ரூபாய் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டாலும் அப்பாமேல் எனக்குக் கோபம்தான். இவ்வளவு சுலபமாகவா தோற்பார்கள்?

அக்கா கிளம்பிய காலையில் பஸ் ஸ்டாப்பில் ஒரே கூட்டம். எந்தக் காலேஜ், எப்படிப்பட்ட காலேஜ் என்று ஆளாளுக்கு விசாரித்தார்கள். கண்டக்டரிடம் அப்பா, “இந்தியாவுலயே இருவதாவது ரேங்க்கு” என்றார். டீக்கடைக்காரரிடம் பத்தாவது என்றார். பஸ் நகரும்போது பக்கத்துக் காட்டுக்காரர் கேட்டதற்கு, “ஏதோ அம்பதுக்குள்ள வருதாம்” என்றார்.

மாமா சொன்ன நம்பர் எனக்கு மனப்பாடம். அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்து ஒவ்வொரு தடவையும் திருத்தினேன். அவரோ வளைவில் திரும்பும் பஸ்ஸைப் பார்த்தபடி, “ஆமா, ஆமா, அதுதான்” என்று தலையாட்டினார்.

அவ்வளவு நேரம் கண்ணாடி போட்டுப் பார்த்தும் ஒரு நம்பரை ஞாபகம் வைத்துக்கொள்ளத் தெரியவில்லையே என்று, அப்பாவை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.