மொட்டைத் தலையோடு வந்த கோச்

எங்கள் கோச்சை நாங்கள்தான் துரத்தினோம். கிளப் தலைவர் எடுத்த முடிவு என்று இன்றைக்கு எல்லோரும் நழுவப் பார்க்கிறார்கள். அந்த முடிவை நச்சரித்து எடுக்க வைத்தது நாங்கள், அதாவது கேலரி கூட இல்லாத மைதானத்தில் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று கத்துகிற நாற்பது பேர். அதில் முதல் ஆள் நான்.

புத்தூரில் ஒரு ஃபுட்பால் டீம் இருக்கிறது என்றால் திருப்பதிக்காரர்களே சிரிப்பார்கள். இந்தப் பக்கம் எல்லாம் கிரிக்கெட்தான். ஆனால் எனக்கு வாரத்தில் ஆறு நாள் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஷிப்ட். காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறித் தூங்கி, மாலையில் அதே பஸ்ஸில் தூங்கி வருகிற பிழைப்பு. ஏழாவது நாள் ரேணிகுண்டா வழியாக ரயிலில் திருப்பதி போய், லீக் ஆட்டத்தில் எங்கள் பையன்களுக்காகத் தொண்டை கிழியக் கத்திவிட்டு வந்தால்தான் நான் ஒரு ஆள் என்று எனக்கே தோன்றும். இதை யாரிடம் சொன்னாலும் புரியாது, சொல்வதும் இல்லை.

அந்த வருஷம் தொடர்ந்து ஏழு ஆட்டம் தோற்றோம். கோச் ஒரு தனியார் பள்ளியில் பி.டி. மாஸ்டர். அந்தப் பள்ளியை நடத்துகிறவர்தான் எங்கள் கிளப் தலைவர். கோச் வேலை போனால் பள்ளி வேலையும் போய்விடும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரியாது என்று நான் பொய் சொல்லப் போவதில்லை.

இன்றைக்கும் சொல்கிறேன், அவர் நல்ல கோச் இல்லை. தலையால் பந்தை முட்டித் தள்ளத் தெரிந்த ஒரே பையனைக் கோல் பக்கம் காவலுக்கு நிறுத்துவார். முதல் கோல் விழும்வரை யாரையும் மாற்ற மாட்டார், விழுந்த பிறகு மூன்று பேரை மாற்றுவார். இடைவேளையில் பையன்களைச் சுற்றி உட்கார வைத்து, "பரவால்லப்பா, ஓடுங்க, மூச்ச உட்டுட்டு ஓடுங்க" என்பார். அவ்வளவுதான். எங்களுக்குத் திட்டுகிற கோச் வேண்டும். சட்டையைப் பிடித்து உலுக்குகிற ஆள் வேண்டும். இவர் குரல் கயிறு வரைக்கும்கூட வராது.

ஏழாவது தோல்விக்கு முன்னால் இரண்டு வாரம் அவரைக் காணவில்லை. பயிற்சிக்கு வரவில்லை, போனும் எடுக்கவில்லை. தலைவரைக் கேட்டோம். "கோச் லீவு" என்றார். டீம் மூழ்கிக்கொண்டிருக்கும்போது என்ன லீவு என்று கொதித்துப் போனோம். அந்த ஞாயிறு தோற்றால் இரண்டாவது டிவிஷனுக்குப் போய்விடுவோம். கேப்டனே பையன்களைக் கூட்டிக்கொண்டு ரயில் ஏறினான்.

ஆட்டம் தொடங்கிக் கால் மணி நேரம் கழித்துக் கோச் வந்தார். தலையில் தொப்பி. வழக்கமாக நிற்கும் இடத்தில் போய் நின்றார். இரண்டாவது கோல் வாங்கியபோது வியர்வையைத் துடைக்கத் தொப்பியைக் கழற்றினார். மழுங்கச் சிரைத்த மொட்டை. மீசையும் இல்லை.

வேறு ஊராக இருந்தால், ஒரு ஆம்பளை மீசையும் இல்லாமல் மொட்டைத் தலையோடு வந்து நின்றால் முதலில் பக்கத்தில் போய், வீட்டில் யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்பார்கள். நாங்கள் திருப்பதியைச் சுற்றி இருக்கிறவர்கள். ரயிலில் எதிர் சீட்டில் மொட்டை, டீக்கடையில் மொட்டை, குழந்தை மொட்டை, பாட்டி மொட்டை. பிறந்ததிலிருந்து மொட்டையைப் பார்த்து வளர்ந்தவர்கள் மொட்டைக்குக் காரணம் கேட்பதில்லை. காரணம் மலைமேல் இருக்கிறது. அதற்கு மேல் எங்கள் மூளை ஓடாது.

"பாத்தியா, மலைக்குப் போய் வந்துகீறாரு!" என்றான் பக்கத்தில் நின்றவன். "நாம இங்க சாவறோம், இவரு வேண்டுதல் தீத்துக்கினு வராரு."

"லட்டு ஏதி சார்?" லட்டு எங்கே என்று யாரோ தெலுங்கில் கத்தினார்கள். அது பிடித்துக்கொண்டது. மலைக்குப் போய் வந்தவர் தெரிந்தவர்களுக்கு ஆளுக்கொரு துணுக்காவது லட்டு தருவது இங்கே எழுதாத சட்டம். வெறுங்கையோடு வந்தால் அவனைக் கஞ்சன் என்போம். நாற்பது பேரும் கை தட்டிக்கொண்டு லட்டு ஏதி, லட்டு ஏதி என்று கத்தினோம். அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு மைதானத்தைப் பார்த்து நின்றார். லட்டு ஏன் இல்லை என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். எங்களுக்கு அது இன்னொரு குற்றமாகத்தான் தெரிந்தது.

அவர் தொப்பி மாட்டுவதற்கு முன்னால் நான் பக்கவாட்டில் போய்ப் போனில் ஒரு படம் எடுத்திருந்தேன். மூன்றாவது கோலும் விழுந்து எல்லாம் முடிந்ததும், எங்கள் ரசிகர் குரூப்பில் அதைப் போட்டேன். கீழே எழுதினேன்: "இத்தினி நாளா நமக்கு மொட்ட போட்டாரு. இன்னிக்கு தனக்கே போட்டுக்கினாரு." ரயில் ஏறுவதற்குள் குரூப் பற்றிக்கொண்டது. வேறு குரூப்களுக்கும் போனது. திருப்பதி டீம் ரசிகர்கள்கூட அதை எடுத்துப் போட்டார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். என் வாழ்க்கையில் நான் எழுதியதை இவ்வளவு பேர் படித்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலையில் தலைவர் குரூப்பில் தெலுங்கில் நாலு வரி போட்டார். ரசிகர்களின் மனநிலையை மதித்து கோச்சை விடுவிக்கிறோம், அவருடைய சேவைக்கு நன்றி. கம்பெனி பஸ்ஸில் அதைப் படித்துவிட்டுத் தொடையில் தட்டிக்கொண்டேன். மாலையில் ஊர் வந்ததும் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் எல்லோருக்கும் என் செலவில் டீ. ஜெயித்த ஆட்டத்துக்குக்கூட நான் டீ வாங்கிக் கொடுத்ததில்லை.

புதன்கிழமை கேப்டன் போன் செய்தான். அவன் அழுதானா, கோபத்தில் குரல் அப்படி வந்ததா, எனக்குத் தெரியவில்லை.

"அண்ணா, சாரோட நைனா செத்துட்டாராம். ரெண்டு வாரம் ஆவுது. சனிக்கிழமதான் காரியம் முடிச்சாங்களாம். மறுநாளே நமக்காக வந்துகீறாரு."

கோச்சின் அப்பா இறந்தது தலைவருக்குத் தெரியுமாம். முக்கியமான ஆட்டத்துக்கு முன்னால் பையன்கள் மனசு கலங்கக்கூடாது என்று சொல்லாமல் இருந்தாராம். ஆட்டம் முடிந்த பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்க எனக்கு வாய் இருக்கிறதா? அவருக்கு ஒரு சாக்கு தேவைப்பட்டது, நான் எடுத்துக் கொடுத்தேன்.

குரூப்பைத் திறந்து என் படத்தை அழிக்கப் பார்த்தேன். நேரம் கடந்துவிட்டது, என் போனிலிருந்து மட்டும்தான் அழிக்க முடிந்தது. மற்றவர்கள் போனில் அது அப்படியே இருந்தது. மறுநாள் குரூப்பில் ஒருவர், "சாவு சாவுதான், தோல்வி தோல்விதான்" என்று எழுதினார். அதற்கு மூன்று பேர் கட்டைவிரல் காட்டினார்கள். மன்னிப்பு என்ற சொல்லை யாரும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. சீசன் தொடக்கத்தில் கேப்டன் கோச்சையும் அந்தக் குரூப்பில் சேர்த்திருந்தான். ஒரு நாளும் அதில் அவர் பேசாததால் நாங்கள் மறந்தே போய்விட்டோம். நாங்கள் எழுதிய எல்லாமே அவர் போனுக்கும் போயிருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு, ஆட்டத்துக்குப் போகாமல் சித்தூருக்கு பஸ் ஏறினேன். அவர் ஊர் கங்காதர நெல்லூரைத் தாண்டி உள்ளே. விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அவர் மாட்டுக்குத் தீவனம் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். தலையில் முடி முள் முள்ளாக வந்திருந்தது. என்னைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு வந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த மரியாதையை என்னால் தாங்க முடியவில்லை.

"சார், அந்த போட்டோ நான்தான் எடுத்தன்."

"தெரியும்பா. உன் நம்பர்தான மேல இருக்குது."

"தெரியாம செஞ்சிட்டேன் சார்."

"தெரியாமதான் செஞ்ச." அவர் குரல் அப்போதும் உயரவில்லை. "கேட்டிருக்கலாம்."

பள்ளி வேலை என்ன ஆயிற்று என்று கேட்டேன். அடுத்த மாதத்திலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். சொல்லிவிட்டு மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத் திட்டுவார், குறைந்தது போகச் சொல்வார் என்று நினைத்துத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். திட்டு வாங்கினால் கொஞ்சம் லேசாகும் என்ற சுயநலம்தான். உள்ளே பாத்திரச் சத்தம் கேட்டதும் அவர் என் பக்கம் குனிந்தார்.

"அம்மா வருது. அதுக்குப் படிக்கத் தெரியாது. அது என்ன சொன்னாலும் ஆமான்னு சொல்லு. வேற எதுவும் சொல்லாத."

அவருடைய அம்மா மோர் கொண்டுவந்தார். நெற்றி வெறுமையாக இருந்தது. நான் புத்தூர்க்காரன், டீமோடு இருக்கிறவன் என்று கோச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, மகனுடைய போனைக் கேட்டு வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எங்க ஊட்டுக்காரரு போனதுக்கு இங்க நாலு பேருதான் வந்தாங்க கண்ணு. எம்புள்ளைக்கு அங்க இத்தினி பேரு கீறாங்கன்னு எனக்குத் தெரியாது." மகனைப் பார்த்தார். "டேய், அத எடுத்துக் காட்டுடா."

கோச் என்னைப் பார்க்காமல் குரூப்பைத் திறந்து கொடுத்தார். நான் எடுத்த படம். அதன் கீழே வரிசையாக மஞ்சள் முகங்கள், கண்களிலிருந்து நீர் தெறிக்கும் முகங்கள். சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வருகிறது என்று நாங்கள் போட்டவை.

"துக்கத்துல கீற புள்ள படத்த போட்டு எல்லாரும் அழுவுறாங்க பாரு," என்றார் அம்மா. விரலால் ஒவ்வொரு முகமாகத் தொட்டுக்கொண்டே போனார். "இது ஒருத்தரு, இது ஒருத்தரு. எண்ணிப் பாத்தன், கணக்கு உட்டுப் போச்சு. இதுல உன்னுது எதுப்பா?"

நான் கோச்சைப் பார்த்தேன். அவர் மாட்டுப் பக்கம் திரும்பி நின்றிருந்தார். மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மேலே இருந்த படத்தைத் தொட்டுக் காட்டினேன்.

"நீதான் மொதல்ல போட்டியா?" என்றவர், இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

"ஆமாம்மா" என்றேன்.